தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தால் உள்ளே என்னென்ன நடக்கிறது? நெட்வொர்க்கைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

"நெட் வரலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். வைஃபை சிக்னலே எட்டாமல் இருக்கலாம். சிக்னல் இருந்தும், நெட்வொர்க்கில் சாதனத்தைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரி கிடைக்காமல் இருக்கலாம். முகவரி கிடைத்தும் ரூட்டரைத் தாண்ட முடியாமல் இருக்கலாம். தாண்டினாலும் தளத்தின் பெயருக்குரிய எண் தெரியாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் நாம் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: ரூட்டரை அணைத்துப் போடுவது. சில நேரம் சரியாகிவிடும். எது கெட்டிருந்தது என்று மட்டும் தெரியாது. அதனால் அதே கோளாறு மறுபடி வரும்போது மறுபடி அதே வைத்தியம்.

சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் பேச்சு ரகசியமானதல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். வீட்டு வைஃபையில் இருக்கும் ஒரு லேப்டாப் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கிறது என்று வைத்துக்கொண்டு, முதல் சிக்னலிலிருந்து பக்கம் திரையில் வரும் வரை பின்தொடர்வோம்.

பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பாடம், நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ அடுக்குகளை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறது. அந்த மாதிரி 1984இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிட்ட தரம். இணையம் ஓடுவதோ டிசிபி/ஐபி என்ற விதிமுறைகளின் மீது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே அதற்கு மாறிவிட்டது. ஏழு பெயர்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நடக்கும் வரிசையில் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேவையானது ஒரு கட்டளைச் சாளரம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட், மேக், லினக்ஸில் டெர்மினல். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: கம்பியோ அலையோ, முதலில் பாதை வேண்டும்

லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே கேபிள் இருந்தால் சோதனை எளிது. ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிகளாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1 ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அந்த இரண்டில் சேராத ஒரு ஜோடி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், கேபிளில் சோதித்தால் எப்போதும் 94க்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்றால் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையா என்றும் பாருங்கள்.

வைஃபை சங்கதி வேறு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்காகவும் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எண்கள் பல இருந்தாலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த மூன்றையும் இருபது வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து வேலை செய்பவர் தயங்காமல் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடலாம். சுவர்களைத் தாண்டும் திறன் அதற்குக் குறைவு, இடமோ தாராளம்.

விண்டோஸில் 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்று அடித்தால் எந்த சேனல், சிக்னல் எத்தனை சதவீதம், என்ன வேகம் என்று வரும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் காட்டும். -50 நல்ல சிக்னல், -70 தொங்கல், -80 வந்தால் எழுந்து இடம் மாறுங்கள்.

ரூட்டருக்கு அந்தப் பக்கம் இன்று பல வீடுகளில் ஃபைபர்தான். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் 'பான்' விளக்கு நிலையாகப் பச்சையாக இருக்க வேண்டும். 'எல்ஓஎஸ்' சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது உங்கள் லேப்டாப்பில் எதைத் திருகியும் பயனில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவையும் பார்க்கலாம். வீடுகளில் வழக்கமான ஜிபான் வகைப் பெட்டி -8 முதல் -27 டிபிஎம் வரை தாங்கும். -27ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தால் இணைப்பு வரும், போகும். ஃபைபர் கதவிடுக்கில் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும்.

படி 2: எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்

வைஃபையில் சேர்ந்ததும் லேப்டாப்புக்கு ஐபி முகவரி கிடையாது. இருப்பது நெட்வொர்க் அட்டைக்குரிய மேக் முகவரி மட்டும் (ஆப்பிளின் மேக் கணினிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை). 48 பிட் நீளம், 02-11-22-33-44-55 மாதிரி ஆறு இரட்டைகள். சாதாரணமாக முதல் மூன்று இரட்டைகள் தயாரிப்பாளரைக் காட்டும். இப்போதைய செல்பேசிகள் வைஃபையில் சேரும்போது உண்மையான முகவரியை மறைத்துத் தாங்களே ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. முதல் இரட்டையின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று இருந்தால் அது அப்படி உருவாக்கியது. ரூட்டரில் மேக் முகவரியை வைத்துப் பிள்ளைகளின் போனைத் தடை செய்தும் அது தப்பிவிடுகிறதே என்று குழம்பும் பெற்றோருக்குக் காரணம் இதுதான்.

முகவரி வாங்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். நான்கே செய்திகள். லேப்டாப் எல்லோருக்கும் கேட்கும்படி "இங்கே முகவரி தருபவர் யாராவது உண்டா?" என்று கேட்கும். ரூட்டர் "192.168.1.23 தருகிறேன்" என்று சொல்லும். "சரி, அதையே கொடுங்கள்" என்று லேப்டாப் கேட்கும். "கொடுத்தாயிற்று" என்று ரூட்டர் உறுதி செய்யும். முகவரியோடு இன்னும் மூன்று தகவல்கள் சேர்ந்து வரும்: எது உள்ளூர் என்று காட்டும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வாசலான கேட்வே, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வர். இந்த முகவரி சொந்தமல்ல, குத்தகை. குத்தகைக் காலத்தில் பாதி முடிந்ததும் லேப்டாப் தானாகவே புதுப்பிக்கக் கேட்கும்.

விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று அடித்தால் இவை அனைத்தும் வரிசையாக வரும். முகவரி 169.254 என்று தொடங்கினால் லேப்டாப் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் தானே ஒரு எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். வைஃபை குறி முழுதாகத் தெரியும், ஒரு தளமும் திறக்காது. பழுது ரூட்டரின் டிஹெச்சிபியிலோ அதற்குப் போகும் பாதையிலோ இருக்கிறது.

வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றைக் கேபிளில் இணைத்துவிடுவார்கள். அதுவும் டிஹெச்சிபி கொடுக்கத் தொடங்கும். யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்களோ அவர்களிடம் சாதனம் முகவரி வாங்கிக்கொள்ளும். பழைய ரூட்டரோ "கேட்வே நான்தான்" என்று சொல்லி வைத்திருக்கும், அதற்கு வெளியே வழி கிடையாது. நான்கு போனில் இரண்டு வேலை செய்யும், இரண்டு செய்யாது. தீர்வு: பழைய ரூட்டரில் டிஹெச்சிபியை அணையுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி, ரூட்டர் பிறருக்குக் கொடுக்காத ஒன்றாக மாற்றுங்கள். கேபிளை இரண்டு பக்கமும் வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட்டில் செருகுங்கள். இணையம் வரும் வேன் போர்ட்டைத் தொட வேண்டாம்.

படி 3: உள்ளூரா, வெளியூரா?

நெட்வொர்க்கில் எல்லாவற்றுக்கும் அடித்தளமான முடிவு இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

லேப்டாப்பின் முகவரி 192.168.1.23, மாஸ்க் 255.255.255.0. மாஸ்க்கில் 255 உள்ள இடங்கள் ஊர்ப் பெயர், 0 உள்ள இடம் வீட்டு எண். அதாவது ஊர் 192.168.1, வீடு 23. வீட்டிலுள்ள பிரிண்டர் 192.168.1.40. ஊர் ஒன்றே, ஆகவே நேரடியாகப் பேசலாம். 1.1.1.1 என்ற டிஎன்எஸ் சர்வரிடம் பேச வேண்டுமென்றால் ஊர் வேறு. கேட்வேயிடம், அதாவது 192.168.1.1இல் இருக்கும் ரூட்டரிடம், கொடுத்தனுப்ப வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது தகவல் துண்டுக்கும், லேப்டாப் இந்தக் கணக்கைப் போடுகிறது.

நேரடியாகவோ ரூட்டர் வழியாகவோ, வீட்டுக்குள் பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க மேக் முகவரி வேண்டும். 192.168.1.1இன் மேக் முகவரி என்ன? லேப்டாப்புக்குத் தெரியாது. அதனால் தெருமுனையில் நின்று "தபால்காரர் வீடு எது?" என்று எல்லோருக்கும் கேட்கக் குரல் கொடுப்பது போல ஒரு செய்தி அனுப்பும். எல்லாச் சாதனங்களும் கேட்கும், உரியவர் மட்டும் பதில் சொல்வார். இதற்கு ஆர்ப் என்று பெயர். 1982இல் வகுத்த விதி, இன்றும் உங்கள் வீட்டில் அப்படியேதான் ஓடுகிறது. 'ஆர்ப் -ஏ' என்று அடித்தால் இதுவரை கேட்டுத் தெரிந்துகொண்ட பட்டியல் வரும். இடது பக்கம் ஐபி, நடுவில் மேக்.

அந்தப் பட்டியலில் 1.1.1.1 இருக்காது. விக்கிப்பீடியாவும் இருக்காது. வெளியூர்ச் சர்வரின் மேக் முகவரி நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை, தெரியத் தேவையும் இல்லை. 1.1.1.1க்குப் போகும் பாக்கெட்டை விரித்துப் பார்த்தால், சேர வேண்டிய ஐபி முகவரியில் 1.1.1.1 இருக்கும், சேர வேண்டிய மேக் முகவரியில் ரூட்டருடையது இருக்கும். ரூட்டர் அதை வாங்கி, மேக் முகவரிகள் இருந்த வெளி உறையைக் கழற்றி, அடுத்த ரூட்டருக்கான புது உறையைப் போட்டு அனுப்பும். சேர வேண்டிய ஐபி கடைசி வரை மாறாது, உறை ஒவ்வொரு தாவலிலும் மாறும். ஓர் இடத்துச் சாதனங்களைக் கேபிளில் இணைக்கும் ஸ்விட்ச்சுக்கும் ரூட்டருக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே அடங்கிவிட்டது. ஸ்விட்ச் மேக் முகவரியைப் பார்த்துத் தள்ளிவிடும், ரூட்டர் ஐபி முகவரியைப் பார்த்து வழி தேடும்.

சோதனை: 'பிங் 192.168.1.1' அடியுங்கள். உங்கள் கேட்வே வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். கேபிளில் 1 மில்லி விநாடிக்குள் பதில் வரும், நல்ல வைஃபையில் ஐந்துக்குள் வரும். 3, 4, 250, 6, 180 என்று தாறுமாறாகக் குதித்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். வீடியோ அழைப்பு திக்குவதற்கு இணைய நிறுவனம்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன்னால் இந்த ஒரு பிங்கை அடித்துப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெயருக்கு எண்

விக்கிப்பீடியா என்ற பெயர் நமக்கு. பாக்கெட்டுக்கு எண்தான் வேண்டும். ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அங்கிருந்து நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், அந்தப் பட்டியலை உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்தது.

உங்கள் லேப்டாப் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் ஒரே கேள்வி கேட்கிறது: "தமிழ் விக்கிப்பீடியாவின் எண் என்ன?" அந்த சர்வருக்குத் தெரியாவிட்டால் அது அலைந்து வரும். முதலில் ரூட் சர்வர். 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்களில் உலகெங்கும் பரவியிருப்பவை அவை. "எனக்குத் தெரியாது, டாட் ஆர்க் பொறுப்பாளர்களைக் கேள்" என்று அனுப்பும். அவர்கள் "விக்கிப்பீடியாவின் சொந்த சர்வர்களைக் கேள்" என்பார்கள். கடைசியில் அங்கே எண் கிடைக்கும். எத்தனை விநாடிகள் வரை அந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் கூடவே வரும். அதனால்தான் ஒரு தளம் இடம் மாறினால் சிலருக்கு உடனே திறக்கிறது, சிலருக்குத் தாமதமாகிறது.

'என்எஸ்லுக்கப்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரை எழுதுங்கள். இந்தியாவிலிருந்து கேட்டால் பெரும்பாலும் 103.102.166.224 வரும். இது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் சிங்கப்பூர்த் தரவு மையத்தின் முகவரி. அமெரிக்காவிலிருந்து கேட்பவருக்கு வேறு எண் வரும். கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து மையத்தைப் பதிலாகத் தருவதுதான் இதில் உள்ள வேலை.

'பிங் 1.1.1.1' பதில் தருகிறது, தளங்கள் மட்டும் பெயரால் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். என்எஸ்லுக்கப் கட்டளையில் தளத்தின் பெயருக்குப் பின்னால் 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ சேர்த்து, வேறொரு சர்வரைக் கேட்டுப் பாருங்கள். அது பதில் தந்தால் ரூட்டர் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை மாற்றிவிட்டால் போதும்.

2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்பை வீழ்த்தியது. அதைக் கண்ட அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியைப் பிற வலையமைப்புகளுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. வழி அறிவிக்கும் அந்த முறைக்கு பிஜிபி என்று பெயர். பெயருக்கு எண் சொல்ல ஆளில்லை, ஆளிடம் போக வழியும் இல்லை. அன்று வீட்டு ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மேலே சொன்ன இரண்டு கட்டளைகளும் அதை ஒரு நிமிடத்தில் காட்டியிருக்கும்.

படி 5: வீட்டு வாசலிலிருந்து சிங்கப்பூர் வரை

192.168 என்று தொடங்கும் முகவரிக்கு வீட்டுக்கு வெளியே மதிப்பில்லை. 10இல் தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படியே. கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன. ஆகவே ரூட்டர், பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் வெளி முகவரியை எழுதி, எந்தப் போர்ட் எண் (கேபிள் செருகும் போர்ட் அல்ல, ஒவ்வொரு பேச்சையும் பிரித்தறியும் எண்) எந்தச் சாதனத்துக்குரியது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இதுதான் நேட்.

ஐபி 4ஆம் பதிப்பில் உள்ள முகவரிகள் மொத்தம் 429 கோடிச் சொச்சம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்களும் இரண்டாவது முறை நேட் செய்து, பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரியில் அடைக்கின்றன. உங்கள் ரூட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள வரம்பில் இருந்தால் நீங்களும் அப்படி அடைக்கப்பட்டவர்தான். வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவி டிவிஆரைப் பார்க்க, வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து செய்து தோற்றவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் ரூட்டரே தெரியாது. நிலையான பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபி 6ஆம் பதிப்புக்குப் போக வேண்டும். அதன் முகவரி 128 பிட் நீளம், பஞ்சம் என்ற பேச்சே இல்லை. நேரடியாக எட்டக்கூடிய முகவரி கிடைப்பதால் ரூட்டரின் ஃபயர்வாலை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

இனி பயணம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். லினக்ஸில் 64, விண்டோஸில் 128 என்று தொடங்கும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழி தவறிய பாக்கெட் முடிவில்லாமல் சுற்றாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. இதையே ஓர் ஆய்வுக் கருவியாக மாற்றியதுதான் 'ட்ரேசர்ட்' கட்டளை, மேக்கிலும் லினக்ஸிலும் 'ட்ரேஸ்ரூட்'. டிடிஎல் 1 வைத்து அனுப்பினால் முதல் ரூட்டர் புகார் சொல்லும், 2 வைத்தால் இரண்டாவது. இப்படியே வழியிலுள்ள பெயர்கள் எல்லாம் வெளிவரும். நடுவே நட்சத்திரக் குறிகள் வந்தால் பயப்பட வேண்டாம். பல ரூட்டர்கள் பாக்கெட்டைக் கடத்திவிடும், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாது. அதற்குப் பின்னால் உள்ள வரிகளில் பதில் வந்தால் வழி நன்றாகவே இருக்கிறது.

ட்ரேசர்ட் முடிவில் ஓரிடத்தில் 5, 6 மில்லி விநாடி என்று இருந்தது சட்டென்று 35, 40 என்று தாவும். அது பெரும்பாலும் கடல். சென்னையில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் பல. ஐ2ஐ என்ற கேபிள் சென்னையையும் சிங்கப்பூரையும் 2002 முதல் இணைக்கிறது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16 மில்லி விநாடி, வர 16. இந்த 32ஐ எவ்வளவு பணம் கொடுத்தாலும் குறைக்க முடியாது.

அந்தமானில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2020 ஆகஸ்டில் சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கும் வரை அங்கே செயற்கைக்கோள்தான் துணை. 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கி, பதிலும் அதே வழியில் ஏறி இறங்க வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய அரை விநாடி.

படி 6: கைகுலுக்கலும் கணக்கும்

ஐபி எதற்கும் உத்தரவாதம் தராது. பாக்கெட் தொலையலாம், பின்னால் அனுப்பியது முன்னால் வரலாம். அதைச் சரிசெய்வது டிசிபி. 1974இல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையில் பிறந்தது.

முதலில் மூன்று செய்திகள். லேப்டாப்: "பேசலாமா? என் கணக்கு 1000இல் தொடங்குகிறது." சர்வர்: "பேசலாம். உன் 1000 கிடைத்தது, அடுத்து 1001 எதிர்பார்க்கிறேன். என் கணக்கு 5000." லேப்டாப்: "5001 எதிர்பார்க்கிறேன்." சர்வரில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்குப் போர்ட் எண்: பாதுகாப்பான வலைப்பக்கத்துக்கு 443, டிஎன்எஸ்ஸுக்கு 53. டிஎன்எஸ் கேள்விக்குப் பொதுவாக இந்தக் கைகுலுக்கல் கிடையாது. அது யூடிபியில் போகும், ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். தலைப்புகளுக்கு 40 போனால் சரக்குக்கு 1460. 1,00,000 பைட் உள்ள ஒரு பக்கம் 69 துண்டுகளாகும். சர்வர் 69ஐயும் ஒரே மூச்சில் அனுப்பாது. முதலில் 10 துண்டுகள். நீங்கள் "கிடைத்தது" என்றால் அடுத்து 20, பிறகு 40. ஆக மூன்று சுற்று. கைகுலுக்கலுக்கு ஒன்று, பூட்டுப் போட (படி 7) ஒன்று, மொத்தம் ஐந்து சுற்று. சுற்றுக்கு 35 மில்லி விநாடி என்றால் 175. இதே பக்கத்தை 100 எம்பிபிஎஸ் கம்பியில் தள்ளுவதற்கு ஆகும் நேரம் வெறும் 8 மில்லி விநாடி. திட்டத்தை 300க்கு உயர்த்தினால் அந்த 8தான் 3க்குப் பக்கத்தில் வரும், 175 அப்படியே இருக்கும். பக்கங்கள் திறக்கும் வேகத்துக்காகப் பெரிய திட்டம் வாங்குபவர்களிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. பெரிய கோப்பு இறக்கவும், ஒரே நேரத்தில் பலர் வீடியோ பார்க்கவும் பெரிய திட்டம் உதவும். தாமதத்தைக் குறைக்க உதவாது.

ஏன் பத்தில் தொடங்கித் தயங்கித் தயங்கி அனுப்ப வேண்டும்? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் 400 கஜம்தான். பாக்கெட் தொலைந்ததும் எல்லாக் கணினிகளும் உடனே திரும்ப அனுப்பின, நெரிசல் கூடியது, இன்னும் தொலைந்தன, இன்னும் அனுப்பின. வான் ஜேக்கப்சன் அதற்குக் கண்ட தீர்வுதான் இந்தத் தயக்கம்: மெதுவாகத் தொடங்கு, பதில் வரவரக் கூட்டு, ஏதாவது தொலைந்தால் வேகத்தைக் குறை. நடுவில் காவலர் யாரும் இல்லாமல், ஒவ்வொரு கணினியும் தானே அடக்கி வாசிப்பதால்தான் இணையம் இன்றும் நிற்கிறது. இதைவிட அழகான ஏற்பாடு நெட்வொர்க் உலகில் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இங்கே வரும் ஒரு விசித்திரக் கோளாறு: பிங் வேலை செய்யும், செய்தி போகும், சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும். சின்ன பாக்கெட் போகிறது, பெரியது நடுவில் விழுகிறது. பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஈ இணைப்புகளில் 8 பைட் கூடுதல் தலைப்பு இருப்பதால் உச்ச அளவு 1492தான். விண்டோஸில் 'பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1' அடியுங்கள், துண்டாக்காமல் முழு 1500 அளவில் போகும். பதில் வராமல் 1464க்கு வந்தால் ரூட்டரின் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவை) 1492 என்று வையுங்கள்.

படி 7: பூட்டு

விக்கிப்பீடியா 2015 முதல் எல்லாப் பேச்சையும் பூட்டித்தான் அனுப்புகிறது. பூட்டும் விதிமுறையான டிஎல்எஸ் 1.3இல் இதற்கு ஒரே சுற்று. சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அதற்குக் கையொப்பம் இட்டவரை உலாவி நம்பினால்தான் பக்கம் திறக்கும். சான்றிதழ் எச்சரிக்கை எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் வந்தால் உங்கள் கணினியின் தேதி தவறாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். வங்கித் தளத்தில் மட்டும் வந்தால் அந்த வைஃபையை விட்டு உடனே வெளியேறுங்கள்.

படி 8: எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பது

வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். உங்களுக்குச் சொந்தமான அல்லது அனுமதி பெற்ற வலையமைப்பில் மட்டும் பயன்படுத்துங்கள். வைஃபை அட்டையைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்கி, வைஃபையை ஒரு முறை துண்டித்துச் சேருங்கள். உடனே தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, பக்கம் வந்ததும் பதிவை நிறுத்துங்கள். சேரும்போது பதிவு தானாக நின்றுவிட்டால் மறுபடி தொடங்குங்கள்.

சில ஆயிரம் வரிகள் ஓடியிருக்கும். மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் முதலில் 'டிஹெச்சிபி' என்று எழுதுங்கள். பழைய முகவரியையே கேட்டிருந்தால் நான்குக்குப் பதில் இரண்டு செய்திகள் மட்டும் தெரியும். அடுத்து 'ஆர்ப்', பிறகு 'டிஎன்எஸ்'. விக்கிப்பீடியாவின் பெயர் கேள்வியாகப் போன வரியைக் கண்டுபிடித்து, பதிலில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உலாவி டிஎன்எஸ்ஸையும் பூட்டி அனுப்பும்படி அமைந்திருந்தால் இங்கே எதுவும் தெரியாது, அமைப்பில் அதைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கடைசியாக அந்த எண்ணை 'ஐபி.ஏடிடிஆர் ==' என்ற வடிகட்டியில் கொடுங்கள். முதல் மூன்று வரிகள் கைகுலுக்கல். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் உள்ள நேர வித்தியாசத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போய்வர ஆகும் நேரம் அதுதான். அதில் ஏதாவது ஒரு பாக்கெட்டைச் சொடுக்கி உறைகளை ஒவ்வொன்றாக விரியுங்கள். வெளியே மேக், உள்ளே ஐபி, அதற்குள் டிசிபி. சேர வேண்டிய மேக் முகவரியை 'ஆர்ப் -ஏ' பட்டியலோடு ஒப்பிட்டால், அது உங்கள் ரூட்டருடையதாக இருக்கும்.